வாங்கினவளுக்கு வரிசை இல்லை

சலவைக்கடையில் துணி வாங்கும்போது முதலில் கறை பார்க்க வேண்டும். கறை இருந்தால் கொண்டுவந்தவரிடம் அப்போதே விரித்துக் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப எடுக்க வரும்போது நாம்தான் உண்டாக்கினோம் என்பார்கள். அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் பார்க்காத கறை கிடையாது. அருவருப்பு எனக்கு அவ்வளவு எளிதில் வராது என்றுதான் நினைத்திருந்தேன், அக்காவின் கொழுந்தன் அந்தக் கோட்டைக் கொண்டுவரும்வரை.

மாலையில் நான் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போகிறேன். யார் பேசினாலும் எழுதிப் பழகுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கீழே வரும் பேச்சுகள் ஏறக்குறைய பேசியபடியே இருக்கும். நடுவில் நானாகச் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம்.

கோட்டு மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர். ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டினார். வீட்டில் இருந்த நாட்களைவிட வெளியூரில் இருந்த நாட்கள் அதிகம். நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நாங்களும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னோம்.

கொழுந்தன் கோட்டை ஒரு நாளிதழில் சுற்றி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்ததும் விரலைச் சட்டையில் துடைத்தார்.

"இதை நல்லா கொதிக்கிற தண்ணியில போட முடியுமா?"

"கம்பளிங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா அப்புறம் உங்க பையனுக்குத்தான் ஆகும்."

"அப்ப மருந்து எதாச்சும் ஊத்தி? கிருமியெல்லாம் சாகுற மாதிரி."

"என்ன கிருமி?"

"அண்ணன் போட்டதில்ல? அதான்."

"சளிக்கிருமி இத்தனை மாசமா கோட்டுலயா உட்கார்ந்திருக்கும்?"

"சளின்னா சளி இல்லம்மா," என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு எதையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பழக்கம். டாக்டர் யாரிடம் சொன்னார், என்ன சொன்னார் என்று வரிசையாகக் கேட்டேன். பின்னால் வேறு ஆள் நிற்கவே, சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அந்தப் புது நோயாம். எய்ட்ஸாம். வெளிய விட்டுடாத, குடும்ப மானம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அண்ணிக்கு எதுக்கு? அவங்களே துக்கத்துல இருக்காங்க. டாக்டரே வீட்டு ஆம்பளையக் கூப்பிட்டுத்தான் சொன்னாரு." பிறகு கோட்டைத் தொடாமல் அதன் பக்கம் மோவாயைக் காட்டினார். "எப்ப கிடைக்கும்?"

நான் கோட்டில் அடையாளத் துணித்துண்டைக் குத்தி உள்ளே போட்டேன். ஏன் வாங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. கைப்பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்கா அப்போது மாமா வீட்டின் பின்னறையில் இருந்தாள். தையல் ஆலையில் சட்டைக் கழுத்துப்பட்டி தைப்பவள். மாமாவைக் கடைசிவரை கழுவித் துடைத்தது அவள்தான். வாந்தியை அள்ளியது, போர்வையை அலசியது எல்லாம் அவள். வீட்டு ஆண்கள் வாசற்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கையுறை போட்டுக்கொள் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அவள் உடம்பு மாமா இருக்கும்போதே கெட ஆரம்பித்திருந்தது. வாய்க்குள் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாகப் படிந்தது. அடிவயிற்று வலி. நிற்காத வெள்ளைப்போக்கு. ஆலையில் இயந்திரத்தின் முன்னால் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தே தைத்தாள். பெண்கள் பிரிவு டாக்டர் ஒவ்வொரு முறையும் அதே களிம்பை எழுதிக் கொடுத்து அதையே சொன்னார்: "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா. சுத்தமா இருங்க." அக்கா துணி சோப்பைப் போட்டுப் புண்ணாகும்வரை தேய்த்துக் கழுவினாள். சுத்தமாக இருங்கள் என்ற அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இன்றும் வாய் கசக்கிறது.

கோட்டு விஷயத்தைச் சொன்னபோது அக்கா அழவில்லை.

"கோட்டுக்குக் கேட்டிருக்கான்," என்றாள். "எனக்குக் கேக்கல பாத்தியா."

அரசு மருத்துவமனையில் அந்த நோய்க்கென்று ஒரு தனிக்கட்டடம் இருந்தது. எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால், குப்பை வண்டி நிற்கும் இடத்தை ஒட்டி. ரத்தம் சோதிப்பதும் அங்கேதான், நுரையீரல் காய்ச்சல் வராமல் தடுக்கும் மாத்திரையும் வாய்ப்புண் மருந்தும் கொடுப்பதும் அங்கேதான். மாமாவைக் கொன்றது அந்தக் காய்ச்சல்தான் என்று பிறகு தெரிந்தது. அக்காவுக்கு அந்த மாத்திரை வேண்டும். மாத்திரைக்குச் சோதனை முடிவு வேண்டும். இவ்வளவுதான் விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு போனோம்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் சட்டைப்பையில் கலர் கலராகப் பேனா வைத்திருந்தார். நான் அவருக்குப் பேனாக்காரர் என்று பெயர் வைத்தேன். அங்கே மூன்று வரிசை. ஆண்களுக்கு ஒன்று. பிரசவப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட கர்ப்பிணிகளுக்கு ஒன்று. மூன்றாவது வரிசைக்குப் பலகை இல்லை. அதில் நின்ற பெண்களைப் பார்த்தே மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

"மாசமா இருக்கீங்களா?" என்று பேனாக்காரர் அக்காவைக் கேட்டார்.

"இல்லைங்க."

"தொழில் பண்றீங்களா?"

"தையல் ஆலையில இருக்கேன்."

"அந்தத் தொழில் இல்லம்மா. அந்தத் தொழில்."

அக்காவின் காது சிவந்தது. "என் வீட்டுக்காரர் இங்கதான் இறந்தாரு. அவருக்கு இந்த நோய்தான்."

"யார் சொன்னது?"

"அவர் தம்பி."

"நாங்க நோயாளி விவரத்தை நோயாளிகிட்டத்தான் சொல்லுவோம். வெளியாளுக்குச் சொல்ல மாட்டோம்."

"நான் அவர் பொண்டாட்டி. அவர் செத்துட்டாரு."

"அதான் சொல்றேன், அவர் வந்து கேக்கணும்."

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஆண் ஒருவர் சிரித்தார்.

"குடும்பப் பொம்பளைங்களுக்கு இது வராதும்மா," என்று பேனாக்காரர் கொஞ்சம் இரக்கத்தோடே சொன்னார். "இந்தத் திட்டமே நோயைப் பரப்புறவங்களுக்குத்தான். வீட்டுக்குப் போங்க, நல்லபடியா இருங்க."

வெளியே குழாயடியில் அக்கா முகம் கழுவினாள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழிந்த கறுப்புக் குடை ஒன்றை ஊன்றி நின்றாள். அங்கே எல்லோரும் அவளைக் குடைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"துரத்திட்டானா?" என்றாள்.

"எந்த வரிசையும் எனக்கு இல்லையாம்," என்றாள் அக்கா. "நோயை ஆம்பளைக்குக் கொடுக்கிறவளா இருக்கணும். இல்லன்னா பிள்ளைக்குக் கொடுக்கிறவளா இருக்கணும். வாங்கினவளுக்கு இங்க வரிசை இல்ல."

"வயித்துல துணியக் கட்டிட்டு வந்தா பிரசவப் பிரிவுல தொட்டுப் பாப்பாங்க," என்றாள் குடைக்காரி. "எங்க வரிசையில யாரும் தொட்டுப் பாக்க மாட்டாங்க. வாயால சொன்னாப் போதும். எங்க நிக்கிறன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுன்னு மட்டும் சொல்லாத, அங்க எங்களுக்கே இடம் இல்ல."

அக்கா சிரித்தாள். உதட்டோரம் புண் விரிந்து ரத்தம் கசிந்தது.

அன்று என் அறையில் ஒத்திகை பார்த்தோம். நான் பேனாக்காரர், அக்கா அவளாகவே.

"என்ன வேலை?"

"தையல்."

"அக்கா."

"சரி சரி. மறுபடி கேளு."

"என்ன வேலை?"

"அந்த வேலை."

"அப்படிச் சொன்னா எப்படி? வெக்கமே இல்லாத மாதிரி சொல்லணும்."

"நீ சொல்லிக் காட்டுடி பாப்போம்."

நான் சொல்லிக் காட்ட முயன்றேன். நாக்கு எழவில்லை. அதைப் பார்த்து அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். இருமல் நின்றதும், "உசிரா பேரான்னு கேட்டா எதைச் சொல்லுவ?" என்றாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவளும் பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுமுறை மூன்றாவது வரிசையில் நின்றோம். வெயில் நேரே முகத்தில் அடித்தது. குடைக்காரி அக்காவைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். பேனாக்காரருக்கு எங்களை நினைவில்லை. வந்தது வேறு வரிசை என்பதால் எங்களை வேறு ஆட்களாகத்தான் பார்த்தார். பேச்சு மாறியிருந்தது. 'ம்மா' போய்விட்டது.

"எந்த இடம்?"

"மார்க்கெட் பின்னால."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர்?"

இந்தக் கேள்வியை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு ஊழியர் தன் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எழுதுறீங்க?" என்றாள் அக்கா.

"அது வர்றதைப் பொறுத்து."

"அதே மாதிரிதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் கழுத்துக்குக் கீழே பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். ஒரு கறையைக் கண்டால் அதில் விரல் வைத்துக் காட்டுவது என் வேலை. அங்கே விரல் வைக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"புருஷன் பேரு?"

குடைக்காரி எல்லாவற்றுக்கும் பொய் சொல்லச் சொல்லியிருந்தாள். தன் பெயருக்கு அக்கா பொய்தான் சொன்னாள். ஆனால் இதற்கு மாமாவின் பெயரை, அவர் அப்பா பெயரோடு சேர்த்து, கம்பெனி உட்பட அப்படியே சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு தாளையும் சேர்த்துப் பாப்பாங்கல்ல," என்றாள். "பாத்தா அவங்களுக்கே விளங்கிடும், யார்கிட்டயிருந்து யாருக்கு வந்ததுன்னு."

சேர்த்துத்தான் பார்த்தார்கள். சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் இரண்டு தாளையும் ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருந்தார். இளைஞர். தூக்கம் போதாத கண்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"ரத்தத்துல கிருமி இருக்கு," என்றார். "மாத்திரை எழுதறேன். விடாம சாப்பிடணும். ஆனா எய்ட்ஸ்னு எழுத முடியாது. அதுக்குன்னு சில நோய் சொல்லியிருக்காங்க, அதுல எதுவும் உங்களுக்கு இல்ல."

"வயித்து வலி? அந்தப் போக்கு?" என்று நான் கேட்டேன்.

"அது கணக்குல வராது. அது பொம்பளைங்களுக்கு வர்றது."

"அக்காவும் பொம்பளைதான் டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பிறகு குண்டூசி குத்திய தாள்களைத் திருப்பினார்.

"அப்ப உங்க வீட்டுக்காரருக்கு உங்ககிட்டயிருந்துதான்."

"அவர்கிட்டயிருந்து எனக்கு," என்றாள் அக்கா. "எனக்கு அவரைத் தவிர யாரும் இல்ல டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் டாக்டர், அலுப்போடு. மருந்துச் சீட்டை மேசையில் வைத்து எங்கள் பக்கம் பேனாவால் தள்ளினார்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் அக்காவின் வாய்ப்புண் ஆறத் தொடங்கியது. சோறு இறங்கியது. ஆலையில் நேராக உட்கார்ந்து தைத்தாள். ஏமாற்றி வாங்கியது வேலை செய்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் கோட்டை எடுக்க வந்தார்.

உள்ளிருந்து எடுத்து வைத்தேன். இந்த முறை விரல் நுனி இல்லை. விரித்து, உள்துணியைத் தடவி, பித்தான்களை எண்ணி, அங்கேயே போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பி நின்றார்.

"தெரிஞ்சுபோச்சும்மா," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. "அண்ணனுக்கு எங்கயிருந்து வந்ததுன்னு."

"என்ன தெரிஞ்சது?"

"ஆஸ்பத்திரி ஜன்னல்ல இருக்காரே, அவரும் நானும் ஒரே கடையிலதான் டீ குடிக்கிறோம். பாவம், எனக்கு நல்லது நினைச்சு சொன்னாரு. உங்க அக்காவே வாய்விட்டுச் சொல்லிட்டாளாமே. மார்க்கெட் பின்னாலயாமே."

அதுவரை 'அண்ணி', 'அவங்க'. இப்போது 'அவ'.

"நீங்கதானே கிருமி சாகுமான்னு கேட்டீங்க?" என்றேன். "அக்கா சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி?"

"அது வந்தது தெரியும். யார் கொண்டுவந்தான்னு இப்பத்தான் தெரியுது." கோட்டுக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க அண்ணன் சொக்கத் தங்கம்மா. எங்கம்மா இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறாங்க."

அவர் போன பிறகு கடையின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். உடம்பு ரொம்ப லேசாக இருந்தது. அப்படி லேசானதே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலைக்குள் அக்காவின் பெட்டியையும் மெத்தையையும் முற்றத்தில் வைத்துவிட்டார்கள். மெத்தைமேல் கிருமிநாசினியை ஊற்றியிருந்தார்கள். மாமா படுத்திருந்த மெத்தை அதுவல்ல, அது எப்போதோ போய்விட்டது. இது அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

நான்தான் வற்புறுத்தினேன். அந்தத் தாளில் எழுதியதை அடிக்கச் சொல்ல வேண்டும், உண்மையைச் சொல்லி எழுதவைக்க வேண்டும் என்று. உறவில் ஒரு வீடு விடாமல் பேச்சு பரவிவிட்டது. ஆலையில் பக்கத்து இயந்திரத்துக்காரி தன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அடிக்கச் சொன்னால் மாத்திரை என்னாகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. அரைகுறையாக யோசித்தேன். பேசிப் பார்ப்போம், டாக்டர் மனுஷர்தானே என்று நினைத்தேன்.

அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாத்திரை தீரும் நாளில் என்னோடு கிளம்பினாள்.

ஜன்னலருகே கொழுந்தனும் பெரியப்பாவும் நின்றிருந்தார்கள். பெரியப்பா மாமாவின் அப்பாவுக்கு அண்ணன். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. காதால் கேட்டால்தான் நம்புவேன் என்று சொல்லியிருக்கிறார். கொழுந்தன் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார்.

"நல்லதாப் போச்சு, ஆளே வந்துட்டா," என்றார் பேனாக்காரர்.

எனக்கு முன்கூட்டியே யோசித்துவைத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன். "அக்கா சொன்னது பொய்ங்க. சோதனைக்கு வேற வழி இல்லாம சொன்னது. அதை அடிச்சிடணும்."

பேனாக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அடிச்சிடலாம். ஒரு கோடுதான். ஆனா அடிச்சா இவங்க இந்த வரிசை இல்ல. எந்த வரிசையும் இல்ல. மாத்திரை வெளிய வாங்கிக்கணும்."

"வெளிய எங்க கிடைக்கும்?"

"கிடைக்காது."

"அப்ப?"

"அப்பன்னா? நானா திட்டம் போட்டேன்?" அவர் அக்காவைப் பார்த்தார். "நீயே சொல்லு. பெரியவர் வேற கேக்குறாரு. உண்மையா, பொய்யா?"

மூன்றாவது வரிசை முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. பெரியப்பா அக்காவைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார்.

"சொல்லும்மா," என்றார். "இல்லன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கொழுந்தனின் முகம் ஒரு கணம் விழுந்தது. அக்கா இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. என்னையறியாமல் அவள் முழங்கையைப் பிடித்தேன், சொல் என்பதுபோல.

அக்கா என் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"பொய்னு சொன்னா நீங்க மாத்திரை வாங்கித் தருவீங்களா பெரியப்பா?"

"அது... அதெல்லாம் ஆஸ்பத்திரி விஷயம்மா."

"உங்க தம்பி மகன்தான் எனக்கு இந்த நோயைக் கொடுத்தாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?"

பெரியப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

"உண்மைதாங்க," என்று அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "நான் அந்தத் தொழில்தான். எழுதினது எழுதினபடி இருக்கட்டும். மாத்திரையக் கொடுங்க."

கொழுந்தன் மூச்சை விட்டார். பாதுகாப்பாக வீடு வந்து சேர்ந்தவர்போல ஒரு மூச்சு. பெரியப்பா அக்காவைக் கடந்து போகும்போது மேல்துண்டு அவள்மேல் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். பேனாக்காரர் மாத்திரைப் பொட்டலத்தை ஜன்னல் கம்பிக்குக் கீழே நீட்டினார். நீட்டியவர் பிடியை உடனே விடவில்லை. அக்கா பொட்டலத்தைப் பிடித்தபடி, அவர் விடும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு எல்லோர்மேலும் குமட்டியது. பேனாக்காரர், டாக்டர், பெரியப்பா, கொழுந்தன், சுற்றி நின்று கேட்டவர்கள். அவளை இங்கே இழுத்து வந்து இவர்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லவைத்த என்மேலும் கொஞ்சம்.

வாசலுக்கு வெளியே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது. அக்கா ரொட்டியைப் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்றாள். கடைக்காரர் அவள் குடித்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும்.

"தம்ளரைத் தூக்கிப் போட்டுடாதீங்க," என்று அக்கா அவரிடம் சொன்னாள். "திரும்ப வருவேன்."

மாத்திரையை வாயில் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கினாள்.

"அடுத்த தடவை வெள்ளனே கிளம்பணும்," என்றாள் என்னிடம். "பின்னாடி நின்னா வெயில் தாங்கல."